ஏழே முக்காலும் 7.45-உம்

படிப்பை முடித்து நான் முதலில் வேலைக்குப் போனது திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு. மணிக்கு 60 ரூபாய் கூலி. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் நாலே காலுக்கு வெளியே வரலாம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழிவு. ஆக ஒரு நாளைக்கு ஏழே முக்கால் மணி நேர வேலை, மாதம் 26 நாள். சம்பளம் வருவதற்கு முன்பே மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மணிக்கு 60 ரூபாய் என்றால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். ஏழே முக்கால் மணி நேரம் 465 நிமிடம். அப்படியானால் ஒரு நாளைக்கு 465 ரூபாய், 26 நாளைக்கு 12,090 ரூபாய்.

கையில் வந்தது 11,622.

டைம் ஆபீஸ் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர். கோபப்படாமல் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “பாருல, ஒரு நாளைக்கு 7.45. அதை அறுபதால பெருக்கு. அப்புறம் இருபத்தாறால பெருக்கு. கம்ப்யூட்டர் தப்பாவா போடும்?”

கம்ப்யூட்டர் தப்பாகப் போடவில்லை. 7.45 என்று கொடுத்தால் அதற்குப் புரிவது ஏழும், நூற்றில் நாற்பத்தைந்து பங்கும். அண்ணாச்சி மனதில் இருந்ததோ ஏழும், அறுபதில் நாற்பத்தைந்து பங்கும். அறுபதில் 45 என்பது முக்கால், அதாவது 0.75. நூற்றில் 45 பாதிகூட இல்லை. இரண்டுக்கும் இடைவெளி 0.30 மணி நேரம், அதாவது 18 நிமிடம். மணிக்கு 60 ரூபாய்க் கணக்கில் நாளொன்றுக்கு 18 ரூபாய். 26 நாளைக்கு 468 ரூபாய். ஒரு நாள் சம்பளம் முழுதும், மேலே மூன்று ரூபாயும் சேர்த்து, ஒரு புள்ளிக்குள் விழுந்து காணாமல் போயிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வாயால் சொல்லும்போது நாங்கள் யாருமே தப்புச் செய்யவில்லை. அண்ணாச்சியும் ‘ஏழே முக்கால்’ என்றுதான் சொன்னார், நானும் அப்படித்தான். முக்கால் என்றால் நாலில் மூணு, அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. எழுத்தில் இறக்கும்போதுதான் கோளாறு. கல்யாணப் பத்திரிகை, பத்திரிகைச் செய்தி, சினிமா விளம்பரம் என்று எல்லாவற்றிலும் ‘காலை 10.30 மணி’ என்று நாம் புள்ளி வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். பார்ப்பதற்கு அது கணக்குப் பாடத்தில் வரும் தசமப் புள்ளி மாதிரியே இருக்கிறது. ஆனால் அது தசமம் இல்லை, வெறும் வேலி. இந்தப் பக்கம் மணி, அந்தப் பக்கம் நிமிடம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் கடிகார நேரத்தை 10:30 என்று முக்காற்புள்ளி வைத்தே எழுதுகிறேன். ஒற்றைப் புள்ளி வந்தால் அது தசமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணி வேறு, மணி நேரம் வேறு

நேரக் கணக்கில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியதைத் தமிழே பிரித்து வைத்திருக்கிறது. ‘மூணு மணிக்கு வா’ என்பது ஒன்று, ‘மூணு மணி நேரம் ஆகும்’ என்பது வேறொன்று. முதலாவது ஓர் இடம், இரண்டாவது ஒரு தூரம். எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையும் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டும் இடங்கள். அவற்றைக் கூட்ட முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். கடிகார நேரமும் அப்படித்தான். மூன்று மணியையும் ஐந்து மணியையும் கூட்டினால் அர்த்தமில்லாத எட்டு வரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு மணி நேரம் என்ற ஒரு தூரம் கிடைக்கும். மணி நேரத்தோடு மணி நேரத்தைத் தாராளமாகக் கூட்டலாம், ஓர் எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம்.

சரி, கழிப்பது எப்படி? 8:40-க்குக் கிளம்பிய பஸ் 11:15-க்குப் போய்ச் சேர்கிறது. கால்குலேட்டரில் 11.15-இலிருந்து 8.40-ஐக் கழித்தால் 2.75 என்று காட்டும். அதை ‘இரண்டு மணி எழுபத்தைந்து நிமிடம்’ என்று படித்தவரையும் பார்த்திருக்கிறேன், ‘ரெண்டே முக்கால் மணி நேரம்’ என்று படித்தவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் தப்பு. மளிகைக் கடையில் மீதிச் சில்லறை எண்ணிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஏறிக்கொண்டே போனால் தப்பாது. 8:40-இலிருந்து ஒன்பதுக்கு 20 நிமிடம். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு இரண்டு மணி நேரம். மேலே 15 நிமிடம். மொத்தம் 2 மணி 35 நிமிடம். பேனாவே வேண்டாம்.

ராத்திரி வண்டிக்கும் இதே வழிதான், நடுவில் நள்ளிரவு என்ற படியில் ஒரு தடவை நின்று போக வேண்டும். ரயில்வேயில் 24 மணிக் கணக்கு. அதனால் மதியம் ஒரு மணி 13:00, ராத்திரி எட்டே முக்கால் 20:45. பன்னிரண்டுக்கு மேல் உள்ள எண்ணைப் பார்த்தால் 12-ஐக் கழித்துக்கொண்டால் போதும். 20:45-க்கு ஏறி, மறுநாள் 06:30-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நள்ளிரவு வரை 3 மணி 15 நிமிடம், அதற்கு மேல் 6 மணி 30 நிமிடம், ஆக 9 மணி 45 நிமிடம்.

இதில் தடுக்கி விழுந்தவர் எங்கள் மாமா. 15-ஆம் தேதி 00:20 வண்டிக்கு டிக்கெட் வைத்திருந்தார். 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, தயிர்சாதப் பொட்டலத்தோடு நிதானமாக ஜங்ஷனுக்குப் போனார். வண்டி முந்தின ராத்திரியே போயிருந்தது. மாமாவைக் குறை சொல்லவும் முடியாது. நம் வீடுகளில் நாள் என்பது விடிந்தால்தான் தொடங்கும். படுத்து எழுந்தால் அடுத்த நாள். பஞ்சாங்கத்திலும் சூரியன் உதித்தால்தான் கிழமை மாறும். கடிகாரத்துக்கும் ரயில்வேக்கும் நாள் பிறப்பது நடு ராத்திரியில். 00:20 என்று பார்த்தால் முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்தவுடன் கிளம்ப வேண்டும் என்று பொருள்.

ஏன் அறுபது?

நூறு என்றிருந்தால் இத்தனை தொல்லை இல்லையே என்று தோன்றும். பிரான்சில் புரட்சிக் காலத்தில், 1793-இல், அப்படியே சட்டம் போட்டும் பார்த்தார்கள். நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 வினாடி. இரண்டு வருடம் தாங்கவில்லை, 1795-இல் கைவிட்டுவிட்டார்கள்.

அறுபதுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு என்று எதனால் வகுத்தாலும் மீதி வராது. நூறை மூன்று பேருக்குப் பங்கு போட்டால் 33.33 என்று இழுத்துக்கொண்டே போகும். அறுபதை மூன்று பேருக்குப் போட்டால் ஆளுக்கு இருபது, முடிந்தது. பழைய பாபிலோனியர்கள் அறுபதை அடியாக வைத்தே எண்ணினார்கள். மணியையும் கோணத்தையும் அறுபது அறுபதாகப் பிரிப்பது அந்த வழியில் வந்ததுதான். நம்முடைய நாழிகைக் கணக்கும் அறுபதுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

நிமிடத்தைத் தசமமாக்க அறுபதால் வகுக்க வேண்டும். தினமும் கணக்கெழுதுகிறவர்கள் வகுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆறு நிமிடம் என்பது 0.1 மணி நேரம், இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றது தானே வரும். 12 நிமிடம் 0.2, 18 நிமிடம் 0.3, 48 நிமிடம் 0.8. கால், அரை, முக்கால் மூன்றும் 0.25, 0.5, 0.75. என் சம்பளத்தில் போன 0.30-ஐப் பார்த்தவுடனே 18 நிமிடம் என்று சொன்னது இப்படித்தான்.

சித்தியின் ஆயிரம் பீடி

சின்ன அலகிலிருந்து பெரிய அலகுக்கு ஏறுவதை நான் நன்றாகப் புரிந்துகொண்டது எங்கள் மாவட்டத்து முக்கூடலில், சித்தி வீட்டுத் திண்ணையில். அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. நேரத்துக்குக் கூலி கிடையாது. அதனால் ஆயிரம் பீடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது.

சித்தி மடியில் சுளகு, அதாவது முறம். அதில் புகையிலைத் தூள் ஒரு பக்கம், அளவாக வெட்டிய இலை ஒரு பக்கம். இலையை எடுத்து, தூளை இட்டு, இரண்டு கையாலும் உருட்டி, நூலைச் சுற்றி இழுத்து, வாயை மடக்கிப் போட்டுவிட்டு, பேச்சை நிறுத்தாமலே அடுத்த இலையை எடுக்கிறாள். ஒரே ஒரு பீடிக்கு நேரம் பார்த்தால் சரிவராது. செல்போனை அமுக்குவதற்குள் பாதி முடிந்துவிடும். பத்துப் பீடிக்குச் சேர்த்துப் பார்த்தேன், 280 வினாடி. பத்தால் வகுத்தால் பீடிக்கு 28 வினாடி. சின்னதாக ஒன்றை அளக்க வேண்டுமென்றால் நிறையச் சேர்த்து அளந்து வகுப்பதே நல்லது. கை தடுமாறுகிற பிழையும் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

ஆயிரம் பீடிக்கு 28,000 வினாடி. கேட்டால் எவ்வளவு என்றே பிடிபடாது. ஏறுவோம். 28,000-ஐ 60-ஆல் வகுத்தால் 466, மீதி 40. ஆக 466 நிமிடம் 40 வினாடி. 466-ஐ மறுபடியும் 60-ஆல் வகுத்தால் 7, மீதி 46. ஆக 7 மணி 46 நிமிடம் 40 வினாடி. ஒவ்வொரு படியிலும் வருகிற மீதியைத் தூக்கி எறியாமல் அதனதன் பெயரில் வைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள வேலை. முதல் வகுத்தலின் மீதி வினாடி, இரண்டாவதின் மீதி நிமிடம்.

கால்குலேட்டரில் நேராக 3,600-ஆல் வகுத்தால் 7.7777 என்று வரும். பழைய பொறி இங்கேயும் காத்திருக்கிறது. அது 7 மணி 77 நிமிடம் ஆகாது. முழு எண்ணை விட்டுவிட்டு, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் 60-ஆல் பெருக்க வேண்டும். 0.7777-ஐ 60-ஆல் பெருக்கினால் 46.66. அது 46 நிமிடம். அந்த 0.66-ஐத் திரும்பவும் 60-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 40 வினாடி. இறங்கும்போது பெருக்கல், ஏறும்போது வகுத்தல்.

சித்தியிடம் சொன்னேன், “ஆயிரத்துக்கு ஏழே முக்கால் மணி நேரம் ஆகுது சித்தி.” என் ஏழே முக்கால் இங்கேயும் வந்து நின்றது எனக்கே ஆச்சரியம். அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள், “இலை நனைச்சது, வெட்டுனது, கட்டுக் கட்டுனதெல்லாம் யாரு கணக்குல எய்யா?” நான் அளந்தது சுற்றுவதை மட்டும்தான். 25 பீடிக்கு ஒரு கட்டு என்றால் ஆயிரத்துக்கு 40 கட்டு. ஒரு கட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால்கூட இன்னும் 40 நிமிடம். அலகு மாற்றத்தில் பிழை இல்லாவிட்டாலும், எதை அளந்தோம் என்பதில் பிழை இருக்கலாம்.

86,400

மனதில் நிற்க வேண்டிய எண் ஒன்று உண்டென்றால் இதுதான். 24 மணி, மணிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 வினாடி, பெருக்கினால் ஒரு நாளைக்கு 86,400 வினாடி. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் தினமும் இது தேவைப்படும். ‘பாபநாசம் அணைக்கு வினாடிக்கு 1,500 கனஅடி நீர்வரத்து’ என்று செய்தி வரும். அது நிறையவா, கொஞ்சமா? நாள் முழுக்க அதே வேகத்தில் வந்தால் 1,500-ஐ 86,400-ஆல் பெருக்க வேண்டும். 12 கோடியே 96 லட்சம் கனஅடி. ஆயிரம் மில்லியன் கனஅடியை, அதாவது நூறு கோடி கனஅடியை, ஒரு டி.எம்.சி. என்பார்கள். அந்த வேகத்தில் ஒரு டி.எம்.சி. சேர ஏறக்குறைய எட்டு நாள் ஆகும். அணை 143 அடி உயரம். தண்ணீர் ஏன் அடியடியாகத்தான் ஏறுகிறது என்பது இப்போது புரிந்துவிடும்.

வினாடியில் பேசுகிற இன்னொரு இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறார்கள். 2022 ஜனவரி 12-ஆம் தேதி, மனிதர்களை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான கிரயோஜெனிக் எஞ்சினை 720 வினாடி ஓடவிட்டார்கள். அறுபதால் வகுத்தால் சரியாக 12 நிமிடம், மீதி கிடையாது. இந்த 720-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வினாடியின் நீளத்தைப் பூமியின் சுழற்சியை வைத்து நிர்ணயித்த காலம் போய்விட்டது. 1967-இலிருந்து சீசியம் அணுவின் கதிர்வீச்சு 9,192,631,770 தடவை அதிர எடுக்கும் நேரம்தான் ஒரு வினாடி. அணு பிசகாது, பூமி கொஞ்சம் பிசகும். அதற்காக 1972-இலிருந்து 27 தடவை உலகக் கடிகாரத்தில் ஒரு வினாடி சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது நம் நேரப்படி 2017 ஜனவரி 1 விடியற்காலை 5:29:59-க்கு அடுத்து. அன்றைக்கு மட்டும் 5:29:60 என்று ஒரு வினாடி இருந்தது. அந்த ஒரு நாளைக்கு 86,401. மார்கழிக் குளிரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நாழிகைக் கணக்கு

இப்போது நம் பழைய அளவு. ஒரு நாளைக்கு 60 நாழிகை. 24 மணி நேரத்தை அறுபதாகப் பிரித்தால் ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, ஆக ஒரு விநாழிகைக்கு 24 வினாடி. அதையும் அறுபதாகப் பிரித்தால் தற்பரை, 0.4 வினாடி. 24 என்ற ஒரே எண் இரண்டு இடத்தில் வருவதால் மறக்காது. மகேந்திரகிரியின் 720 வினாடியை 24-ஆல் வகுத்தால் 30 விநாழிகை. எஞ்சின் ஓடியது சரியாக அரை நாழிகை.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை நாழிகை. பஞ்சாங்கத்தில் அதற்கு ஓரை என்று பெயர். ஒரு சாமத்துக்கு ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம், எட்டுச் சாமம் ஒரு நாள். மணியை நாழிகையாக்க இரண்டரையால் பெருக்கு, நாழிகையை நிமிடமாக்க 24-ஆல் பெருக்கு. இந்த இரண்டு போதும்.

சொற்களில்தான் ஒரு வம்பு இருக்கிறது. பஞ்சாங்கத்தில் நாழிகைக்கு நாடி என்றும், விநாழிகைக்கு விநாடி என்றும் பெயர் உண்டு. அந்த விநாடி 24 நொடி நீளம். நாம் இன்றைக்கு வினாடி என்று சொல்வது அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. பெயர் ஒன்று, நீளம் இரண்டு. பழைய நோட்டு எதையாவது பிரித்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். நொடி என்பதும் ஒரு காலத்தில் விரலைச் சொடுக்கும் நேரம்தான். இலக்கணத்தில் கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய்க்கு அரை. எழுத்தை ஒலிக்கும் நேரத்தையே அலகு போட்டு அளந்து வைத்திருக்கிறார்கள்.

மாதம், வருடத்துக்கு வந்தால் அலகு மாற்றம் கொஞ்சம் தள்ளாடும். மாதம் என்பது நிலையான அளவே இல்லை. ஆங்கில மாதம் 28-இலிருந்து 31 வரை. தமிழ் மாதம் இன்னும் மோசம். மார்கழி பெரும்பாலும் 29 நாளில் முடிந்துவிடும், ஆனி 32 நாள் வரை போகும். காரணம் இருக்கிறது. சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம்தான் தமிழ் மாதம். ஜனவரியை ஒட்டிப் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் வேகமாக ஓடுகிறது, மாதம் சுருங்குகிறது. ஆகவே ‘மூன்று மாதம் எத்தனை நாள்’ என்று கேட்டால், எந்த மூன்று மாதம் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

வருடத்துக்கு வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இதை மாற்றிப் பாருங்கள், நல்ல பயிற்சி. 15 நாழிகை 360 நிமிடம், ஆறு மணி நேரம். 31 விநாழிகையை 24-ஆல் பெருக்கினால் 744 வினாடி, 12 நிமிடம் 24 வினாடி. 15 தற்பரை 6 வினாடி. மொத்தம் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 வினாடி. ஆங்கில நாட்காட்டியின் சராசரி வருடம் 365.2425 நாள். அந்த 0.2425-ஐ 24-ஆல் பெருக்கி இறங்கினால் 5 மணி 49 நிமிடம் 12 வினாடி வரும். வருடத்துக்கு 23 நிமிடம் 18 வினாடி வித்தியாசம். அறுபது வருடம் சொச்சத்தில் அது ஒரு நாளாகிவிடும். சித்திரை முதல் தேதி ஆங்கிலத் தேதியில் மெல்ல மெல்லத் தள்ளிப் போவது இதனால்தான்.

உச்சி எப்போது?

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊர் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நிழல் மிகக் குட்டையாவது அப்போது இல்லை, இன்னும் இருபது நிமிடம் போல ஆகும். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். அது 82.5 பாகைத் தீர்க்கரேகையில், உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கம், சூரியன் இருப்பதை வைத்து எடுத்த நேரம். 1906 ஜனவரி 1-இலிருந்து இந்த ஏற்பாடு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். திருநெல்வேலி இருப்பது 77.7 பாகையில். 4.8 பாகை மேற்கே. நாலால் பெருக்கினால் 19 நிமிட சொச்சம். அத்தனை நிமிடம் கழித்துத்தான் சூரியன் நம் தலைக்கு மேலே வருகிறது. பூமியின் ஓட்டம் சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் பிப்ரவரி நடுவில் அது 12:33 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12:03-க்கே வந்துவிடும். ‘பன்னெண்டு அடிச்சு, பொறவுதான்யா உச்சி’ என்று வயல் வேலை பார்க்கிறவர்கள் சொல்வது சும்மா இல்லை.

இதெல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது தாத்தாவின் ஜாதகத்தில். ஆச்சியின் தகரப் பெட்டியில் இருந்த பழுப்பு நோட்டு. பங்குனி மாதம், புதன்கிழமை, உதயாதி நாழிகை 18, விநாழிகை 45. உதயாதி என்றால் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவது. 18-45 என்று கோடு போட்டு எழுதியிருந்தது. அதே பொறி. 45 விநாழிகை என்பது அறுபதில் 45, மறுபடியும் முக்கால். பதினெட்டே முக்கால் நாழிகையை 24-ஆல் பெருக்கினால் 450 நிமிடம், ஏழரை மணி நேரம். பங்குனியில் எங்கள் ஊரில் சூரியன் உதிப்பது 6:20 வாக்கில். ஆக தாத்தா பிறந்தது மதியம் 1:50-க்கு.

ஆச்சிக்கு ஒரு சந்தேகம், ரொம்ப நாளாகவே. “அவுக ராகு காலத்துல பொறந்தாகளா, இல்லையா?”

புதன்கிழமை ராகு காலம் 12 மணியிலிருந்து 1:30 வரை என்றுதான் தினசரித் தாளில் போட்டிருக்கும். அதன்படி தாத்தா 20 நிமிடத்தில் தப்பித்துவிட்டார். ஆனால் அந்தத் தாள் சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. சரியாகப் பார்த்தால் பகல் 30 நாழிகையை எட்டாகப் பங்கு போட வேண்டும், பங்குக்கு மூணே முக்கால் நாழிகை. புதனுக்கு ஐந்தாவது பங்கு. நாலு பங்கு முடிந்தால் 15 நாழிகை, அங்கே ராகு காலம் தொடங்கும். அதோடு மூணே முக்காலைக் கூட்டினால் முடியும். கூட்டிப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பதினெட்டே முக்கால். 18-45. ராகு காலம் முடிகிற அதே விநாழிகையில் தாத்தா பிறந்திருக்கிறார்.

ஆச்சி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபடியே சொன்னாள், “ஜாதகம் எழுதுன ஐயருக்கு எங்க மாமனாரு ஒரு மரக்கா நெல்லு கூட அளந்திருப்பாக.”